கல்லறைக் கல்லைப் படித்தவர்

தாமஸ் ஹென்றி ஹாலந்து 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். இலண்டனில் நிலவியல் பயின்றபின், 1890இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுக் கல்கத்தாவுக்கு வந்தார்.

அந்நகரின் புனித யோவான் தேவாலய வளாகத்தில், ஜாப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரின் கல்லறை உண்டு. அவர் இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறர் அக்கல்லில் பொறித்த எழுத்துகளைப் படித்துச் சென்றனர்; ஹாலந்து கல்லையே படித்தார். ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் கலந்த அக்கருங்கல், சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையை ஒத்திருந்தது. 1893இல் அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். நிலவியலோடு எத்தொடர்பும் இல்லாத ஒருவரின் பெயர் பாறைக்கு வாய்த்தது விந்தையே!

நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளிலும் அதே பாறை பரந்திருப்பதை 1900இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மறு ஆண்டு, காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளைப் பற்றி எழுதினார். வாளையார்க் கணவாய்க்கு வடக்கே நீலகிரியும் தெற்கே நெல்லியாம்பதி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட்டால் ஆனவை. கல்லுடைப்போர் அதனைக் கருங்கல் என்றே அழைப்பர்.

அப்பாறையின் வயது என்ன? அந்நாளில் இவ்வினாவுக்கு விடை இல்லை. பூமி குளிர்ந்த காலத்தைக் கணித்த கெல்வின் பிரபு, அதன் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகள் என்றார். கடல்நீரின் உப்பை அளந்த ஜான் ஜோலி, கடலின் வயது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் என 1899இல் கணித்தார். ஆறுகள் கொணரும் உப்பில் ஒரு பகுதி கடலைவிட்டு மீண்டும் நீங்கிவிடுவதை அவர் போதிய அளவு கருதவில்லை. சார்னோக்கைட் மிகத் தொன்மையான பாறைக் குழுவைச் சேர்ந்தது என ஹாலந்து உணர்ந்திருந்தார். ஆயினும் ஆண்டுக்கணக்கை உரைக்கும் கடிகாரம் அவரிடம் இல்லை. அப்பாறை முழுவதும் உருகிய குழம்பிலிருந்து பிறந்தது என்ற அவரது கருத்தும் பின்னர் திருத்தம் பெற்றது. வேறு பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து மாறியும் அது உருவாகும்.

1903இல் ஹாலந்து துறையின் இயக்குநரானார். பிற்காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வராக 1944 வரை பணியாற்றினார், 1947இல் மறைந்தார்.

அவர் தேடிய கடிகாரம் பாறைக்குள்ளேயே இருந்தது. சிர்க்கான் என்னும் நுண்மணியில் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறும் விகிதத்தை அளந்து, பல்லாவரப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் எனப் பின்னாளில் கண்டனர். பூமிக்கு வயது 450 கோடிக்கும் மேல் என்பதை, விண்கற்களின் ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956இல் நிறுவினார். அப்போது ஹாலந்து மறைந்து 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.