பூனைக்குட்டிக்காகக் கை மாற்றி எழுதிய டாக்டர்



பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், சாக்கடை ஓரத்திலோ, நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு அடியிலோ பூனைக்குட்டி ஒன்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து அம்மாவிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அதே போல ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்து வளர்த்த பெரிய மனிதர் ஒருவரைப் பற்றித்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

அவர் டாக்டர், போதகர், இசை மேதை. உலக அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றவர். அவர் பெயர் ஆல்பர்ட் சுவைட்சர்.

சுவைட்சர் 1875-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி அல்சாஸ் பகுதியில் உள்ள கைசர்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அன்று ஜெர்மனியிடம் இருந்த அந்தப் பகுதி இன்று பிரான்சு நாட்டில் இருக்கிறது. அப்பா தேவாலயத்தில் போதகர். அதனால் பக்கத்துக் கிராமமான கூன்ஸ்பாக்கில் ஆல்பர்ட் வளர்ந்தான்.

தினமும் இரவு தூங்கும் முன் அம்மா அவனோடு சேர்ந்து பிரார்த்தனை செய்வார். அதில் மனிதர்களுக்காக மட்டுமே வேண்டிக்கொள்வார்கள். ஆல்பர்ட்டுக்கு ஒரு சந்தேகம். ஆடு, மாடு, குருவிகளுக்காக யார் வேண்டிக்கொள்வது? யாரிடமும் கேட்கவில்லை. அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போனதும், மூச்சு விடும் எல்லா உயிர்களும் நலமாகத் தூங்க வேண்டும் என்று தானாகவே ஒரு பிரார்த்தனையைச் சேர்த்துக்கொண்டான்!

அவனுக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பன் ஒருவன் உண்டிவில்லோடு வந்து, குருவி அடிக்கப் போகலாம் என்று கூப்பிட்டான். ஆல்பர்ட்டுக்கு மனமில்லை. ஆனால், வரமாட்டேன் என்றால் நண்பன் கேலி செய்வானே! பயந்துகொண்டே போனான். இலையில்லாத மரத்தில் பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. இருவரும் கல்லை வைத்துக் குறி பார்த்தார்கள். சரியாக அந்த நேரத்தில் தேவாலய மணி அடித்தது. ஆல்பர்ட் உண்டிவில்லைக் கீழே எறிந்தான். கையை ஆட்டிச் சத்தம் போட்டுப் பறவைகளைப் பறக்கவிட்டான். பிறகு வீட்டைப் பார்த்து ஓடினான். பிறர் கேலி செய்வார்களோ என்ற பயம் அன்றைக்கே அவனை விட்டுப் போகத் தொடங்கியது.

ஆல்பர்ட்டுக்கு இசையில் கொள்ளை ஆசை. ஒன்பது வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் என்னும் பெரிய இசைக்கருவியை வாசித்தார். ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்து, 1899-இல் தத்துவத்திலும், 1900-இல் இறையியலிலும் பட்டம் பெற்றார். போதகர் ஆனார். கல்லூரி ஆசிரியர் ஆனார். பாக் என்ற இசை மேதையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். முப்பது வயதுக்குள் ஐரோப்பா முழுவதும் பேர் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

ஆனால், அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. 1896-இல், 21 வயதில், ஒரு நாள் காலை அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். முப்பது வயது வரை படிப்பும் இசையும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்குத் தொண்டு! 1904-இல் தற்செயலாக அவர் கையில் ஒரு பத்திரிகை கிடைத்தது. ஆப்பிரிக்காவில் காபோன் என்ற இடத்தில் வேலை செய்ய ஆள் தேவை என்று அதில் எழுதியிருந்தது. அங்கே மக்களுக்குத் தேவை டாக்டர் என்பதை அறிந்தார். உடனே என்ன செய்தார் தெரியுமா? முப்பது வயதில், மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவராகச் சேர்ந்துவிட்டார்! நண்பர்களும் உறவினர்களும் எவ்வளவோ தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. 1912-இல் ஹெலன் பிரெஸ்லா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். கணவருக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே ஹெலன் நர்ஸ் பயிற்சி பெற்றார்.

1913-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருவரும் கிளம்பினார்கள். ஏப்ரலில், ஓகோவே ஆற்றங்கரையில் உள்ள லாம்பரேனே என்ற ஊரை அடைந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டடம் எதுவும் இல்லை. ஒரு பழைய கோழிக்கூடுதான் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்!

மலேரியா, தொழுநோய், தூக்க நோய், சீதபேதி என்று மக்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். முதல் ஒன்பது மாதங்களில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர். ஜோசப் என்பவர் டாக்டருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். அவர் முன்பு சமையல்காரராக இருந்தவர். அதனால் நோயாளிக்குத் தொடையில் வலி என்றால், ஆட்டுத்தொடைக் கறியின் பெயரைச் சொல்லி அங்கே வலிக்கிறது என்பாராம். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியாது!

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. 1915 செப்டம்பரில், நோயாளி ஒருவரைப் பார்க்க சுவைட்சர் படகில் ஆற்றில் போய்க்கொண்டிருந்தார். மனிதன் எப்படி வாழ்வது சரி என்ற கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், சூரியன் மறையும் நேரம். படகு நீர்யானைக் கூட்டம் ஒன்றின் நடுவே போனது. அப்போது அவருக்கு விடை கிடைத்தது. உயிரை மதித்தல் என்பதே அது. நான் வாழ ஆசைப்படுவது போலவே என்னைச் சுற்றியுள்ள ஒவ்வோர் உயிரும் வாழ ஆசைப்படுகிறது. ஆகவே அதைக் காப்பதே நல்லது, அழிப்பது தீயது. இதுதான் அவர் கண்ட உண்மை.

இதைப் புத்தகத்தில் எழுதியதோடு அவர் நிறுத்தவில்லை. போரில் பிரெஞ்சுக்காரர்களால் கைது செய்யப்பட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட அவர், 1924-இல் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி பாழடைந்து கிடந்தது. வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார். 1927-இல் நோயாளிகள் அங்கே குடியேறினார்கள். கட்டடத்துக்குத் தூண் நடக் குழி தோண்டுவார்கள் அல்லவா? தூணை இறக்கும் முன் சுவைட்சர் குனிந்து பார்ப்பார். எறும்போ, தேரையோ உள்ளே விழுந்திருந்தால் தன் கையாலேயே எடுத்து வெளியே விடுவார். நாளடைவில் வேலையாட்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள்.

ஒரு நாள், கட்டடம் ஒன்றுக்கு அடியிலிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல் கேட்டது. தவித்துக்கொண்டிருந்தது ஒரு பூனைக்குட்டி! சுவைட்சர் அதை மீட்டுக் கொண்டுவந்தார். சீசி என்று பெயர் வைத்தார். அன்று முதல் டாக்டரின் மேசைதான் சீசியின் வீடு. இரவில் அவர் கடிதம் எழுத உட்கார்ந்தால், அவருடைய இடது கையில் தலை வைத்துத் தூங்கிவிடும். சுவைட்சரோ இடது கைப் பழக்கம் உள்ளவர். என்ன செய்வார்? பூனையின் தூக்கத்தைக் கெடுக்க மனம் வராமல், வலது கையால் எழுதுவாராம்! பிக்கோலோ என்று இன்னொரு பூனையும் இருந்தது. அது காகிதங்களின் மேலேயே படுத்துவிடும். அந்தக் காகிதம் வேண்டுமென்றால் பூனை விழிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்!

பூனைகள் மட்டுமல்ல. பெலிகன் பறவை, மான், காட்டுப்பன்றி, நாய், குரங்கு எல்லாமே அந்த ஆஸ்பத்திரியில் இருந்தன.

ஆனால், உயிர்களைக் காப்பது எளிதான வேலை என்று அவர் நினைக்கவில்லை. ஒரு முறை, சிலர் மீன் தின்னும் கழுகுக்குஞ்சு ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். சுவைட்சர் அதைப் பணம் கொடுத்து வாங்கினார். கழுகு பிழைத்தது. ஆனால் தினமும் அதற்குச் சின்னச் சின்ன மீன்கள் வேண்டுமே! கழுகைப் பட்டினி போடுவதா, மீன்களைக் கொல்வதா? அவர் கழுகுக்கு மீன் கொடுத்தார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அது அவர் மனதை உறுத்தியது. ஓர் உயிரைக் கையில் எடுத்துவிட்டால், அதன் பொறுப்பு முழுவதும் நம்முடையது. இதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார்.

அவருக்கும் நம் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியச் சிந்தனையைப் பற்றி அவர் எழுதி 1935-இல் வெளியான நூலில், திருக்குறளை மிக உயர்வாகப் பாராட்டியிருக்கிறார்.

1952-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்புக்குச் செலவிட்டார். அவரிடம் குறை கண்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்க மக்களைத் தமக்குச் சமமாக நினைக்காமல், தம்பிகளைப் போல நடத்தினார் என்பது அந்தக் குறை. அது நியாயமான குறைதான். பெரியவர்களின் நல்லதை எடுத்துக்கொள்வோம், தவறிலிருந்தும் பாடம் கற்போம்.

1965 செப்டம்பர் 4-ஆம் தேதி, தம் 90-ஆம் வயதில் சுவைட்சர் லாம்பரேனேயிலேயே காலமானார். ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரால் அந்த ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

சரி, செல்வங்களே! நாளை உங்கள் தெருவிலும் ஒரு சீசி கத்தலாம். என்ன செய்வீர்கள்?

உடனே தூக்கிவிடாதீர்கள். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால், சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். குட்டிக்குத் தாயைவிட நல்ல வைத்தியர் கிடையாது.

தாய் வரவே இல்லையா? வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு எடுத்து வாருங்கள். முதல் தேவை பால் அல்ல, கதகதப்பு! சின்னக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் போகக் குட்டிக்குக் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதுவும் ஊட்டக் கூடாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறது. கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி வயிறு தரையில் படும்படி இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சுமார் நான்கு வாரம் ஆனதும் மசித்த உணவைத் தின்னப் பழகும்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, உரிய வயதில் தடுப்பூசி போடுங்கள். வளர்ந்ததும் கருத்தடை அறுவை செய்துவிட்டால், தெருவில் தவிக்கும் குட்டிகள் குறையும். கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்கவே கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, பெரியவர்களிடம் சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் உயிரைப் பறிக்கும் நோய்.

இவ்வளவு வேலையா என்று மலைக்கிறீர்களா? ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு நடுவிலும், ஒரு பூனைக்குட்டிக்குத் தன் கையைக் கொடுத்துவிட்டு மறு கையால் எழுத அவருக்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லாமலா போகும்?