ராமன் விளைவு: கட்டுரையில் இருந்த இரண்டாவது பெயர் யாருடையது?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க சர் சி.வி. ராமன் படம்தான். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பைச் சொல்லி 1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயர் கே.எஸ். கிருஷ்ணன். யார் இவர்?

வத்திராயிருப்பு டு கல்கத்தா

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் பிறந்தார். ஊர், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் வத்திராயிருப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் கிடைத்தது. ஆனால் மனசு இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்தது. 1920-ல் ராமன் இருந்த கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டார். 1923-ல் அங்கே ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

சூரிய ஒளியும் 60 திரவங்களும்

திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சூண்டு மட்டும் நிறம் மாறுவதை ராமனின் குழு பல வருடங்களாகக் கவனித்து வந்தது. அது திரவத்தில் இருக்கும் அழுக்கால் வருகிறதா, இல்லை ஒளியின் இயல்பே அப்படியா? 1928 பிப்ரவரியில் இந்தச் சோதனையில் முழுசாக இறங்கியவர் கிருஷ்ணன்.

அப்போது லேசர் கிடையாது. சூரிய ஒளியைக் குவித்து, ஒரு வண்ண ஃபில்டர் வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். அந்த நிறத்தை அப்படியே தடுக்கும் இன்னொரு ஃபில்டரைக் கண்ணுக்கு முன்னால் வைத்தார்கள். நிறம் மாறவில்லை என்றால் இருட்டுதான் தெரியணும். ஆனால் வெளிச்சம் தெரிந்தது. அதுவும் சுத்திகரித்த சுமார் 60 திரவங்களில்!

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. யோசனையும் வழிகாட்டுதலும் அவருடையவை. தன் நோபல் உரையில் கிருஷ்ணன் பெயரையும் அவர் குறிப்பிட்டார்.

அப்புறம் கிருஷ்ணன்?

பரிசு அறிவிப்பு வந்தபோது கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர். படிகங்களின் காந்தப் பண்பு என்று வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்ம பூஷண். 1961 ஜூனில், 62 வயதில் காலமானார். அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

இன்றைக்கு இதனால் என்ன பயன்?

மந்தைவெளியில் இருந்து அடையாறு ஆற்றைத் தாண்டினால் ஐஐடி மெட்ராஸ். அங்கே மட்டுமல்ல, உலகெங்கும் பொருள்களை ஆராயும் கூடங்களில் 'ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோபி' அன்றாட வேலை.

எப்படி வேலை செய்கிறது? பொருளுக்குள் அணுக்கள் ஸ்பிரிங்கில் கட்டியது போல எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். லேசர் ஒளி படும்போது, சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு அந்த அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறும். எவ்வளவு மாறியது என்று அளந்தால், அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, பெயின்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. இதில் அனடேஸ், ரூட்டைல் என்று இரண்டு வகை உண்டு. வேதிப்பொருள் ஒன்றுதான், அணு அடுக்குதான் வேறு. ஆனால் ராமன் கருவி இரண்டையும் சட்டென்று பிரித்துச் சொல்லிவிடும். துகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கினால், அனடேஸின் முக்கியக் கோடு கொஞ்சம் நகர்ந்து அகலமாகும். அதை வைத்துத் துகளின் அளவையே மதிப்பிடலாம்.

விளைவின் பெயர் இனி மாறப்போவதில்லை, மாற வேண்டியதும் இல்லை. அடுத்த பிப்ரவரி 28-ல் ஸ்டேட்டஸ் போடும்போது, ரெண்டு பேர் படத்தையும் போடலாமே!