ஜான் லெனனும் 60 நாள் கெடுவும்

பீட்டில்ஸ் பாட்டு கேட்டதில்லைன்னாலும், வட்டக் கண்ணாடி போட்ட ஜான் லெனன் முகத்தை யாராவது ஒருத்தர் டி-ஷர்ட்ல பார்த்திருப்பீங்க. உலகமே கொண்டாடிய அந்த மனுஷனை அமெரிக்கா நாலு வருஷம் துரத்தப் பார்த்தது. காரணம், விசா.

1940-ல் லிவர்பூலில் பிறந்தவர். பீட்டில்ஸ் கதை உங்களுக்கே தெரியும், விட்டுடலாம். குழு கலைந்த பிறகு, 1971 ஆகஸ்டில் மனைவி யோகோ ஓனோவோடு நியூயார்க் வந்தார். கையில் வெறும் விசிட்டர் விசா. முக்கியமான காரணம் ஒரு குழந்தை. யோகோவுக்கு முந்தைய திருமணத்தில் கியோகோ என்று ஒரு மகள். அவளைக் கூட்டிக்கொண்டு தகப்பன் தலைமறைவாகிவிட்டார். அமெரிக்க கோர்ட் குழந்தையை யோகோவிடம் கொடுக்கச் சொன்னது. ஆனால் அமெரிக்காவிலேயே வளர்க்கணும்னு ஒரு கண்டிஷன்.

1972 பிப்ரவரி 29-ல் தங்கும் அனுமதி முடிந்தது. (எம்.எஸ். போகப் போறவங்க கவனிங்க: விசா ஸ்டிக்கரில் உள்ள தேதி வேறு, எவ்வளவு காலம் தங்கலாம்னு ஐ-94 சொல்லும் கெடு வேறு. இரண்டாவதைத் தாண்டினால்தான் ஓவர்ஸ்டே.) மார்ச்சிலேயே வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியது. 1968-ல் லண்டனில் கஞ்சாப் பிசின் வைத்திருந்ததாக அவர் 150 பவுண்டு அபராதம் கட்டிய வழக்கைக் காரணம் காட்டினார்கள்.

நிஜக் காரணம் வேற. லெனன் வியட்நாம் போரை எதிர்த்துப் பாடிக்கொண்டிருந்தார். அது தேர்தல் வருஷம். 18 வயதுக்காரர்கள் முதல்முறையாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் போறாங்க. இவரை நாடு கடத்தினால் நல்லதுன்னு செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் பிப்ரவரியிலேயே நிக்சன் அரசுக்குக் குறிப்பு அனுப்பியிருந்தார்.

1973 மார்ச்சில் குடியேற்ற நீதிபதி தீர்ப்பு சொன்னார்: யோகோ நிரந்தரமாகத் தங்கலாம், ஜான் 60 நாளில் கிளம்பணும். யோசிச்சுப் பாருங்க. மகளைத் தேடணும்னா யோகோ அங்கேயே இருக்கணும். புருஷனோடு போனா மகள் போச்சு. ஜான் அப்பீல் போனார். ஏப்ரல் தொடக்கத்தில் நிருபர்களைக் கூப்பிட்டு, நூட்டோபியான்னு ஒரு நாடு இருக்கு, அதுக்கு நிலமும் கிடையாது பாஸ்போர்ட்டும் கிடையாது, நாங்க அதன் தூதர்கள்னு அறிவித்தார்கள். கொடி ஒரு வெள்ளைக் கைக்குட்டை! கோர்ட்டில் இதெல்லாம் எடுபடுமா என்ன?

எடுபட்டது வக்கீல் லியோன் வைல்ட்ஸின் பொறுமைதான். பெரிய குற்றம் செய்தவர்களைக்கூட மனிதாபிமானம் பார்த்து வெளியேற்றாமல் விட்டுவைக்கும் வழக்கம் குடியேற்றத் துறையில் ரகசியமாக இருந்தது. தகவல் அறியும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படிப்பட்ட 1,843 கேஸ்களின் விவரத்தை வெளியே இழுத்தார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். யார்மேல் பாய்வது என்பதை மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர் முடிவு செய்கிறார் என்பது அப்போதுதான் எழுத்தில் தெரிந்தது. இந்த வழக்கம் பிறகு வெளிப்படையான விதியானது. சிறுவயதில் கூட்டிவரப்பட்டவர்களுக்கு 2012-ல் வந்த டாகா திட்டம்கூட இதே வழியில் வந்ததுதான்.

1975 அக்டோபர் 7-ல் அப்பீல் கோர்ட் லெனன் பக்கம் நின்றது. பொருள் தன்னிடம் இருப்பதே தெரியாதவரையும் குற்றவாளியாக்கிய அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தின் தண்டனையை வைத்து இவரைத் தள்ள முடியாது என்றது. இரண்டே நாளில், அவருடைய 35-வது பிறந்தநாளன்று, மகன் ஷான் பிறந்தான். 1976 ஜூலை 27-ல் கிரீன் கார்டு கைக்கு வந்தது.

போராடிப் பெற்ற அதே ஊரில், 1980 டிசம்பர் 8 இரவு, வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். யோகோ மகள் கியோகோவை மறுபடி நேரில் பார்த்தது 1990-களில்தான்.