ரிப்போர்ட்டில் இருக்கும் எண் மட்டும் போதுமா? லூபஸோடு 13 ஆண்டுகள் எழுதிய ஃபிளானரி ஓ'கானர்

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானருக்கு லூபஸ் தாக்கியபோது வயது 25. தனக்கு வந்தது என்ன நோய் என்பதே அவருக்கு ஒன்றரை வருஷம் கழித்துதான் தெரிந்தது. 39 வயதில் இறந்துவிட்டார். அதற்குள் 2 நாவல்கள், 30-க்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதியிருந்தார்.

லூபஸ்னா என்ன?

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். அப்படித் தாக்கும் புரதங்களின் பெயர் ஆட்டோ ஆன்டிபாடி. தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம் என எங்கு வேண்டுமானாலும் பாதிப்பு வரலாம். நோயாளிகளில் 10-ல் 9 பேர் பெண்கள்.

அப்பாவைக் கொன்ற அதே நோய்

ஓ'கானர் பிறந்தது 1925-ல், ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில். அவருக்கு 15 வயதானபோது அப்பா லூபஸால் இறந்தார். 1950 டிசம்பரில், முதல் நாவலை டைப் செய்துகொண்டிருந்த ஓ'கானருக்குக் கை கனக்க ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு ரயில் ஏறியவர், போய்ச் சேரும்போது ஆளே உருக்குலைந்திருந்தார்.

அட்லாண்டா டாக்டர் ஆர்தர் மெரில் அது லூபஸ்தான் என்று கண்டுபிடித்தார். ஆனா அம்மா ரெஜினா அதை மகளிடம் சொல்லல. கணவரைக் கொண்டுபோன நோயின் பெயரைச் சொல்ல மனசு வராமல், மூட்டுவாதம் என்றே நம்பவைத்தார். 1952 கோடையில் தோழி சாலி ஃபிட்ஸ்ஜெரால்டு சொல்லித்தான் ஓ'கானருக்கு உண்மை தெரிந்தது.

அப்பா காலத்தில் இல்லாத ஒரு மருந்து மகளுக்குக் கிடைத்தது: ஏ.சி.டி.எச். ஹார்மோன் ஊசி. அதைத் தானே போட்டுக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு கிடையாது. முகம் வீங்கியது, முடி கொட்டியது, இடுப்பெலும்பு பலமிழந்து ஊன்றுகோல் வந்தது. மில்லட்ஜ்வில் ஊர்ப் பண்ணையில் மயில் வளர்த்துக்கொண்டு, தினமும் காலையில் சில மணி நேரம் மட்டும் எழுதினார்.

1964 பிப்ரவரியில் கருப்பைக் கட்டிக்கு ஆபரேஷன். அதன்பின் லூபஸ் மறுபடி சீறியது. சிறுநீரகம் செயலிழந்து ஆகஸ்ட் 3-ல் இறந்தார். 1972-ல் அவருடைய மொத்தச் சிறுகதைத் தொகுப்புக்குத் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

எண் சொல்வதும் சொல்லாததும்

லூபஸை ரத்தத்தில் அடையாளம் காட்டும் எல்.இ. செல்லை 1948-ல்தான் மேயோ கிளினிக்கில் கண்டறிந்தார்கள். டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆன்டிபாடி பற்றிய ஆய்வுகள் வந்தது 1957-ல். அதனால் ஓ'கானரின் நோயை அளக்கப் பெரும்பாலும் இருந்தவை காய்ச்சல், வலி, அசதிதான்.

இன்னைக்கு ஏ.என்.ஏ. டெஸ்ட் இருக்கு. லூபஸ் உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாசிட்டிவ் வரும். ஆனா 1:160 அளவில் ஆரோக்கியமானவர்களிலும் 100-க்குச் சுமார் 5 பேருக்குப் பாசிட்டிவ் வரும். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி கொஞ்சம் வேறு. நோய் கூடும்போது பலருக்கு இதன் அளவும் ஏறும்; சிறுநீரகப் பாதிப்புக்கு எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஆனா அளவு அதிகமா இருந்தும் தொந்தரவே இல்லாதவர்கள் உண்டு. அளவு சாதாரணமா இருந்தும் மூட்டு வலியால் எழ முடியாதவர்களும் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் எண்ணோடு அறிகுறியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மரக்காணத்தில் ஏன் கவனம் தேவை?

வெயிலின் புற ஊதாக் கதிர் லூபஸைத் தூண்டிவிடும். மரக்காணம் உப்பளத்தில் வெயில் மேலே இருந்தும் அடிக்கும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். அங்கே உப்பு வாரும் பெண்ணுக்குக் கன்னத்தில் சிவந்தால் வெயில் என்பார்கள். மூட்டு வலித்தால் வேலை என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஆனா கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி போலத் தடிப்பு, வாரக்கணக்கில் மூட்டு வீக்கம், விட்டுவிட்டுக் காய்ச்சல், வாய்ப்புண், நுரையோடு சிறுநீர், கால் வீக்கம் என இவற்றில் சில சேர்ந்து வந்தால் டாக்டரைப் பாருங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே நோய் எதிர்ப்பியல் துறை இருக்கு. போகும்போது ரிப்போர்ட்டோடு, எந்த நாளில் என்ன தொந்தரவு வந்தது என்று எழுதிய ஒரு தாளையும் எடுத்துட்டுப் போங்க.