பிள்ளை இல்லாத வாத்தியார் பாடிய பிள்ளைப் பாட்டு

நெய்வேலியை அடுத்த கம்மாபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி, பசுவையும் கன்றையும் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறாள். உள்ளே வேலையாக இருக்கும் அம்மாவும் கூடவே முணுமுணுக்கிறாள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் உதடும் அசைகிறது. மூவருக்கும் பாட்டுத் தெரியும். பாடியவர் யார் என்று கேட்டால் மூவரும் யோசிப்பார்கள்.

பாடியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் தேசிகவிநாயகம் பிள்ளை. கவிமணி என்றால் நாடே அறியும்.

ஊரெல்லாம் பிள்ளைகளைப் பாட வைத்த அவருக்குச் சொந்தமாக ஒரு பிள்ளை இல்லை!

தந்தையை இழந்த சிறுவன்

கன்னியாகுமரிப் பக்கத்தில் தேரூர் என்று ஓர் ஊர். நாலாபுறமும் வயலும் குளமுமாக இருக்கும் நாஞ்சில் நாட்டு ஊர். அங்கே 1876ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை சிவதாணுப் பிள்ளை. தாய் ஆதிலட்சுமி.

ஒன்பது வயதில் தந்தை இறந்துவிட்டார். தாயின் நிழலில் சிறுவன் வளர்ந்தான்.

அந்தக் காலத்தில் தேரூர் திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததோ மலையாளம். தமிழை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை சிறுவனுக்கு. ஊருக்குப் பக்கத்திலே ஒரு மடம் இருந்தது. அங்கே இருந்த சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் பெரியவரிடம் போய்த் தமிழ் படித்தான். அந்த மடத்துத் தமிழ்தான் பின்னாளில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் வாய்ப்பாட்டாக மாறியது.

36 ஆண்டு வாத்தியார் வேலை

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி பெற்றார். கோட்டாற்றில் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தார். பிறகு நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியிலும் வேலை பார்த்தார். மொத்தம் 36 ஆண்டுகள்.

1901இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி புத்தேரி என்னும் ஊரைச் சேர்ந்த உமையம்மை. மனைவியை அவர் தாயி என்று மரியாதையாகக் கூப்பிடுவாராம். மனைவியை அதட்டிக் கூப்பிடுவதே ஆண்மை என்று பலர் நினைத்த காலம் அது!

அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. ஆனால் அவர் பாட்டில் ஆடியது. கிளி, காக்கை, கோழி, பசு, நிலா என்று குழந்தை அன்றாடம் பார்ப்பதையெல்லாம் பாட்டாக்கினார். பெரிய புலவர்கள் குழந்தைக்காக எழுதுவதைச் சின்ன வேலை என்று எண்ணியிருந்த நாளில், அவர் அதைப் பெரிய வேலையாகச் செய்தார்.

அவர் பாட்டின் ரகசியம் என்ன? அடி சின்னதாக இருக்கும். வீட்டில் பேசும் சொல்லாக இருக்கும். ஒரு தடவை கேட்டால் மனத்தில் நிற்கும். அகராதி தேட வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் தடுமாறாமல் படிக்கலாம்.

பெண்களின் கண்ணீர்

குழந்தைப் பாட்டோடு அவர் நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அப்போது மருமக்கள் வழி என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்தால் அவர் குடும்பச் சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் தவித்து நிற்பார்கள். வழக்கும் வாய்தாவுமாகக் குடும்பங்கள் அழிந்தன.

தம் சொந்தச் சமூகத்தின் இந்தக் கேட்டை அவர் மூடி மறைக்கவில்லை. மருமக்கள்வழி மான்மியம் என்று ஒரு நூல் எழுதினார். ஒரு வீட்டுக் காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதுபோல அது அமைந்திருக்கிறது. மாமியார் கொடுமை, சக்களத்திச் சண்டை, கோர்ட்டுச் செலவு எல்லாம் அதில் வரும். படிப்பவர் முதலில் சிரிப்பார். பிறகு கண்ணைத் துடைப்பார். முதலில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்த அந்தப் பாட்டு, ஊரையே பேச வைத்தது. அந்த வழக்கத்தை மாற்றும் சட்டம் 1926இல் வந்தது. அதற்கு மக்கள் மனத்தைப் பக்குவப்படுத்தியதில் இந்த வாத்தியாரின் பேனாவுக்கும் பங்கு உண்டு.

ஓய்வுக்குப் பின் வந்த புகழ்

1931இல் ஓய்வு பெற்றார். மனைவியின் ஊரான புத்தேரியில் குடியேறினார். ஓய்வு என்றால் பலருக்குச் சாய்வு நாற்காலி. அவருக்கோ அதன் பிறகுதான் அறுவடை. 1938இல் மலரும் மாலையும் என்ற கவிதைத் தொகுதி வந்தது. அப்போது அவருக்கு வயது 62. 1941இல் ஆசிய ஜோதி வந்தது. ஆங்கிலத்தில் எட்வின் ஆர்னால்டு எழுதிய புத்தரின் கதையைத் தழுவியது அது. யாகத்தில் பலியாகப் போகும் ஆடுகளுக்கிடையே, நொண்டி ஆட்டுக்குட்டி ஒன்றைப் புத்தர் தோளில் சுமந்து வரும் காட்சியைப் படித்தால் குழந்தையும் உருகும். 1945இல் உமார் கய்யாம் பாடல்களைத் தமிழாக்கினார்.

1940இல் சென்னையில் தமிழறிஞர்கள் கூடிக் கவிமணி என்ற பட்டத்தை அவருக்கு வழங்கினார்கள். பட்டம் சென்னையில் கிடைத்தது; வாழ்க்கை புத்தேரியில்தான் நடந்தது.

1954 செப்டம்பர் 26ஆம் தேதி அவர் காலமானார். வயது 78. அவர் பிறந்து வாழ்ந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் எல்லைக்கோடு மாறுவதற்கு வெகுநாள் முன்பே அவர் பாட்டு எல்லையைத் தாண்டி வந்துவிட்டது.

இன்று இரவு உங்கள் வீட்டுக் குழந்தை அந்தப் பசுவின் பாட்டைப் பாடினால், பாடிய வாத்தியாரின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். தமக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவர், உங்கள் பிள்ளைக்காக எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து அது.