கர்னல் சி.கே. நாயுடு: ஹெல்மெட் இல்லாத காலத்து வீரர்



சாயங்காலம் ஆனால் கண்மாய்ப் பொட்டலில் டென்னிஸ் பந்து ஆடும் சின்னப் பசங்க முதல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் கேட்கும் பெரியவர்கள் வரை, நம்ம பக்கத்தில் கிரிக்கெட் பேசாத ஆளே கிடையாது. அந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்கும். அந்தக் காலத்து ஆட்டக்காரன்தான் வீரன். இப்ப ஆடுறவன் தலைக்கு ஹெல்மெட், நெஞ்சுக்குத் தடுப்பு, கைக்குத் தடுப்புன்னு மூட்டை கட்டிக்கிட்டு வர்றான். பவுன்சருக்கும் கணக்கு வச்சுட்டாங்க. விதியை மாத்தி மாத்தி ஆட்டத்தைச் சப்புன்னு ஆக்கிட்டாங்க என்பார்கள்.

இது சரிதானா? அந்தக் காலத்து வீரர்களில் முதல் வரிசையில் நிற்கும் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர்தான் இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன், கர்னல் சி.கே. நாயுடு.

பிறப்பும் வளர்ப்பும்

கோட்டாரி கனகையா நாயுடு 1895 அக்டோபர் 31-ஆம் நாள் நாகபுரியில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். நெடுநெடுவென்ற உயரம், நிமிர்ந்த நடை. 1916-இல் பம்பாயில் இந்துக்கள் அணிக்காக, ஐரோப்பியர் அணியை எதிர்த்து முதன்முதலாகப் பெரிய ஆட்டத்தில் இறங்கினார். அவர் உள்ளே வரும்போது அணி 79 ரன்னுக்கு 7 விக்கெட்டை இழந்து தவித்துக்கொண்டு இருந்தது. முதல் மூன்று பந்துகளைத் தடுத்தார். நாலாவது பந்தைத் தூக்கி சிக்சர் அடித்தார். இருபது வயசுப் பையன், வெள்ளைக்காரன் ஆண்ட காலம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1923-இல் இந்தூர் ஹோல்கர் மன்னர் அவரைத் தம் சமஸ்தானத்துக்கு அழைத்துப் படையில் பதவி கொடுத்தார். கர்னல் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1926-இல் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி இந்தியா வந்தது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் நாயுடு இரண்டு மணி நேரத்துக்குள் 153 ரன் குவித்தார். அதில் சிக்சர் மட்டும் 11! இந்தியாக்காரனும் டெஸ்ட் ஆடத் தகுதி உள்ளவன்தான் என்ற எண்ணம் பிறக்க அந்த ஆட்டம் ஒரு பெரிய காரணம் ஆயிற்று.

1932 ஜூன் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட். கேப்டனாக அனுப்பப்பட்ட போர்பந்தர் மகாராஜா தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். துணைக் கேப்டனுக்கோ காயம். பொறுப்பு நாயுடு தலையில் விழுந்தது. பீல்டிங்கில் கையில் நல்ல அடி. அந்தக் கையோடு இறங்கி 40 ரன் எடுத்தார். முதல் இன்னிங்சில் நம் அணியில் அதுதான் அதிகம். அந்தச் சுற்றுப்பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 1618 ரன். 1933-ஆம் ஆண்டு விஸ்டன் இதழ் தேர்ந்தெடுத்த ஐந்து சிறந்த வீரர்களில் அவரும் ஒருவர்.

உடம்பைக் குறி வைத்த பந்து

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. 1932-33இல் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து அணிக்குக் கேப்டன் டக்ளஸ் ஜார்டின். பிராட்மேனை மடக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார. வேகப்பந்து வீச்சாளர் லார்வுட் பேட்ஸ்மேனின் உடம்பை நோக்கி எகிறுகிற மாதிரி போடுவார். லெக் பக்கம் ஆட்களைக் கும்பலாக நிறுத்தி வைப்பார்கள். தடுத்தால் கேட்ச், விட்டால் அடி. இதற்கு பாடிலைன் என்று பெயர். அடிலெய்டில் உட்புல்லுக்கு நெஞ்சில் அடி. ஓல்ட்பீல்டுக்கு மண்டை ஓட்டில் விரிசல். அன்றைக்கு இருந்த விதிப்புத்தகத்தில் இதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை.

அதே ஜார்டின்தான் 1933-34இல் அணியோடு இந்தியா வந்தார். அவரை எதிர்த்து நின்ற நம் கேப்டன் நாயுடு. பம்பாய் டெஸ்டில் அமர்நாத் 118, நாயுடு 67. இருவரும் சேர்ந்து 186 ரன் எடுத்தார்கள். கல்கத்தாவில் விக்கெட் கீப்பர் திலாவர் உசேனுக்குத் தலையில் அடி. வெளியே போனவர் தலையில் கட்டோடு திரும்பி வந்து 59 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் 57. அடுத்து 1934 பிப்ரவரியில் நம் சென்னை சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட். கிளார்க் போட்ட பந்து நவுமல் ஜவுமல் முகத்தில் பட்டு அவர் வெளியேறினார். இரண்டாவது இன்னிங்சில் அவரால் இறங்கவே முடியவில்லை. ஒரு ஆள் குறைவாகவே இந்தியா ஆடித் தோற்றது. அவருக்குப் பதிலாக இன்னொருவரை பேட் பிடிக்க அனுப்ப விதி இடம் கொடுக்கவில்லை.

நாயுடுவும் தப்பவில்லை. 1936-இல் ஓவல் மைதானத்தில் ஆலன் போட்ட பந்து அவர் உடம்பில் பலமாகத் தாக்கியது. அவர் வலியோடு நின்று 81 ரன் அடித்தார். அப்போது அவருக்கு வயது 40. அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். ஆடியது மொத்தம் 7 டெஸ்ட், எடுத்தது 350 ரன். கணக்கைப் பார்த்தால் சின்னது. ஆனால் டெஸ்ட் வாய்ப்பு வரும்போதே அவருக்கு 36 வயது ஆகிவிட்டதே!

வயசு ஒரு தடையா?

டெஸ்ட் முடிந்தாலும் ஆட்டம் முடியவில்லை. 1945-46இல் பரோடாவை எதிர்த்து 200 ரன் அடித்தார். அப்போது வயது 50! அவர் வளர்த்த ஹோல்கர் அணி 1952-53 வரை 4 முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1951-52 ரஞ்சி இறுதி ஆட்டத்தில் பட்கர் போட்ட பந்து அவர் வாயில் பட்டுப் பல் உடைந்தது. விழுந்த பல்லை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவர் தொடர்ந்து ஆடினார் என்று இன்றும் சொல்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு வயது 56. அதற்குப் பிறகும் 61 வயதில் உத்தரப் பிரதேச அணிக்காக ரஞ்சி ஆட்டம் ஆடினார். 1956-இல் பத்மபூஷண் பெற்றார். 1967 நவம்பர் 14-ஆம் நாள் இந்தூரில் காலமானார்.

விதி ஏன் மாறியது?

இவ்வளவு அடி வாங்கியும் ஆடினார்களே, பிறகு எதற்கு விதியை மாற்றினார்கள் என்று கேட்கலாம். பயந்தவர்கள் கேட்டு விதி மாறவில்லை நண்பர்களே! 1933-இல் மேற்கிந்தியத் தீவு வீரர்கள் கான்ஸ்டன்டைனும் மார்டிண்டேலும் இங்கிலாந்து மண்ணிலேயே அதே பாடிலைனைத் திருப்பிப் போட்டார்கள். ஹாமண்டின் முகவாய் கிழிந்தது. ஜார்டின் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்று 127 ரன் அடித்தார். அவர் தைரியசாலிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கள் கண் முன்னால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் இங்கிலாந்துக்காரர்களுக்கு இது விளையாட்டு இல்லை என்று புரிந்தது. 1935-இல் உடம்பைக் குறி வைத்துப் போடுவதைத் தடுக்க அம்பயருக்கு அதிகாரம் வந்தது. 1957-இல் லெக் பக்கம் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஆயிற்று.

ஆனாலும் ஆபத்து நிற்கவில்லை. 1962-இல் பார்படாசில் கிரிபித் போட்ட பந்தில் நம் கேப்டன் நாரி காண்ட்ராக்டரின் மண்டை உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை அதோடு சரி. 1977-78இல்தான் ஹெல்மெட் வந்தது. 1991-இல் ஒரு ஓவரில் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஒரு பவுன்சர் என்று கட்டுப்பாடு வந்து, 1994-இல் ஓவருக்கு இரண்டு என்று மாறியது. 1998-இல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பக்கத்தில் நின்று பீல்டிங் செய்த ராமன் லாம்பா தலையில் பந்து பட்டு இறந்தார். 2014-இல் ஹெல்மெட் போட்டிருந்தும் கழுத்தில் அடிபட்டு ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் இறந்தார். அதற்குப் பிறகு ஹெல்மெட்டில் கழுத்துக் காப்பு வந்தது. தலையில் அடிபட்டு ஆட முடியாதவருக்குப் பதில் ஆள் ஆடலாம் என்று 2019-இல் சர்வதேச விதி வந்தது. சேப்பாக்கத்தில் நவுமலுக்குக் கிடைக்காதது 85 வருஷம் கழித்துக் கிடைத்தது.

இது கிரிக்கெட்டில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று உண்டு. ஆளோடு ஆள் மோதி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். 1905-இல் அந்த ஆட்டத்தில் மாணவர்கள் பலர் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். மறு வருஷம் பந்தை முன்னால் எறியலாம் என்று விதி மாறியது. ஆட்டம் செத்துவிட்டதா? இல்லை. இன்றைக்கு அந்த நாட்டில் அதுதான் முதல் ஆட்டம்.

ஹெல்மெட் வந்ததால் பழைய ஆட்டக்காரர்களின் கூர்மை கொஞ்சம் குறைந்தது என்று சொல்வதில் நியாயம் உண்டு. பந்தைக் கடைசி வரை பார்த்துக் குனிந்து விலகும் வித்தை அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஆனால் நாயுடுவின் பெருமை அடி வாங்கியதில் இல்லை. அடி எல்லோருக்கும்தான் பட்டது. ஐம்பது வயதிலும் இரட்டைச் சதம் அடிக்கிற அளவுக்கு உடம்பைக் கட்டிக் காத்தாரே, எடுத்த வேலையை முடிக்காமல் திரும்பமாட்டேன் என்று நின்றாரே, அதுதான் பெருமை. அதற்கு ஹெல்மெட் தடை இல்லை. அவர் தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால் அந்த 11 சிக்சரில் ஒன்றாவது குறைந்திருக்குமா?

நமக்கு என்ன?

இதை நான் இந்த மலரில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். நம் ஊர்ப் பிழைப்பு மருந்தோடு, வெடியோடு. கலவை அறையில் இத்தனை பேர்தான் இருக்கணும், அளவுக்கு மேல் மருந்து வைக்கக்கூடாது, இரும்புக் கருவி ஆகாது என்று விதிகள் உண்டு. அதைச் சொல்கிறவனைப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிற பழக்கமும் உண்டு. நம்ம ஒர்க்‌ஷாப்பிலேயே கண்ணாடி போடாமல் கிரைண்டிங் பிடிக்கிறவனைத்தான் வீரன் என்கிறோம். 2012-இல் முதலிபட்டி, 2021-இல் அச்சங்குளம் என்று நம் சுற்றுவட்டாரம் பார்த்த சாவுகள் கொஞ்சமா? அங்கே போனவர்கள் தைரியம் இல்லாதவர்களா?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கு முந்தின தலைமுறைக்குச் சுவரில் எழுதி வைத்த விதியை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வழி இல்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. நாளைக்கு போர்மேனாக, சூப்பர்வைசராகப் போய் நிற்கப் போவது நாம்தான். நாலு பேர் சிரித்தாலும் விதியைப் படித்துச் சொல்லி, அதன்படி வேலையை நடத்துவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். கர்னல் நாயுடுவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய உரம் அதுதான்.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!