ஐ.டி. கார்டில் இருக்கும் அந்த எழுத்து

உங்க காலேஜ் ஐ.டி. கார்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ்னு ஏதோ ஒன்று அச்சாகியிருக்கும். அந்த எழுத்தை நமக்குக் கொடுத்தவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்.

1868 ஜூன் 14 அன்று ஆஸ்திரியாவில் பிறந்தார். பத்திரிகையாளரான அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். 1891-ல் டாக்டர் பட்டம் வாங்கியும், மனுஷனுக்கு ஆர்வமெல்லாம் வேதியியல் மேலதான்.

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றுவது கிட்டத்தட்ட லாட்டரி. சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்துப்போனார்கள். ஏன்னு யாருக்கும் தெரியல. ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தோடு சேர்ந்தால் சில சமயம் கட்டிகட்டியாகத் திரளும். அது நோயின் அறிகுறி என்றே பலர் நினைத்தார்கள்.

லேண்ட்ஸ்டெய்னர் நோயாளிகளை விட்டுவிட்டு, ஆரோக்கியமானவர்களைப் பார்த்தார். தன் ரத்தத்தையும், லேபில் கூட வேலை பார்த்தவர்கள் ரத்தத்தையும் எடுத்து, சீரத்தையும் சிவப்பணுக்களையும் தனித்தனியாகப் பிரித்தார். எல்லாருடைய சீரத்தையும் எல்லாருடைய அணுக்களோடும் கலந்து பார்த்தார். சில ஜோடிகள் திரண்டன, சில திரளவில்லை. யாருடைய சீரமும் சொந்த அணுக்களைத் திரட்டவே இல்லை! 1901-ல் ஏ, பி, சி என மூன்று பிரிவுகளை வெளியிட்டார். சி-தான் பிறகு ஓ ஆனது. அடுத்த வருஷமே அவருடைய சகாக்கள் ஏபி-யைக் கண்டுபிடித்தார்கள்.

இதுல நாம கவனிக்காம விடுற பாதி ஒண்ணு இருக்கு. குரூப் என்பது அணுக்கள் மட்டுமில்ல, பிளாஸ்மாவில் உள்ள ஆன்டிபாடியும்தான். ஏ குரூப்காரரிடம் பி-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். ஓ குரூப்காரரிடம் ரெண்டுக்கும் எதிராக இருக்கும். அதனால், 'ஓன்னா யாருக்கும் கொடுக்கலாம்' என்பது பாதி உண்மைதான். அவசரத்தில் ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களைத் தரலாம். ஆனால் ஓ பிளாஸ்மா ஏ நோயாளிக்குப் போனால், அவருடைய அணுக்களையே உடைத்துவிடக் கூடும். பிளாஸ்மாவுக்கு எல்லாருக்கும் பொதுவான ஆள் ஏபி. ரத்த வங்கியில் அணுக்களையும் சீரத்தையும் ரெண்டு பக்கமும் சோதிப்பது இதனால்தான்.

முதல் உலகப்போருக்குப் பிறகு வியன்னாவில் வறுமை. 1919-ல் நெதர்லாந்து போனார், அங்கிருந்து நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனம். 1930-ல் நோபல் பரிசு. அதோடு நிறுத்தவில்லை. 1940-ல் வீனருடன் சேர்ந்து ஆர்.ஹெச். காரணியை அறிவித்தார். உங்க கார்டுல இருக்குற பாசிட்டிவ், நெகட்டிவ் அதுதான். 1943 ஜூனில் லேபிலேயே மாரடைப்பு வந்து, ரெண்டு நாளில் காலமானார். வயது 75.

அவர் பிறந்த ஜூன் 14-தான் இன்று உலக ரத்த தான தினம். அடுத்த முகாமில் ஃபார்ம் நிரப்பும்போது, முன்னாடி ரத்தம் ஏற்றிக்கிட்டீங்களா, கர்ப்பமா இருந்தீங்களான்னு கேட்டா மறைக்காதீங்க. அந்த அனுபவங்கள் உங்க ரத்தத்தில் புது ஆன்டிபாடிகளை உருவாக்கியிருக்கலாம். தானம் கொடுக்கும்போது உங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. அந்தப் பையில் இருப்பதை வாங்கிக்கொள்கிறவருக்கு ஆகலாம்.